வரேன்னா என்னைக்கு?

"வரேன்னு சொல்லிட்டுப் போனவங்க எப்பம்மா வருவாங்க?"

இரும்புக் கதவுக்கு உட்புறம் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். பரீட்சையில் தெரியாத கேள்விக்குக்கூட எதையாவது எழுதிவிட்டு வருகிற ஆள் நான். அன்றைக்கு வாயே திறக்க முடியவில்லை. உண்மையில் அது எனக்கான கேள்வியே அல்ல, என் சித்திக்கானது. சித்தி அந்த நேரம் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருந்தாள்.

சித்தியைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் அவளிடம் போக முடியவில்லை. அதனால் இங்கிருந்தே சொல்கிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் ஒரே அறை, ஒரே அலமாரி. ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வருடக்கணக்காக நின்றவள். நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள்தான். அங்கே வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை, விற்கிறவர்களுக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாளியில் வெந்நீர் ஊற்றிப் பாதங்களை உள்ளே விட்டுக்கொள்வாள். "இதுங்களுக்கும் சம்பளம் குடுக்கணும்டி, அதுங்கதான் வேலை செய்யுதுங்க" என்பாள்.

ஒரு நாள் சேலை எடுக்க வந்த ஒரு பெண், பிரித்துப் போட்ட சேலைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாராம். என்ன ஏது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். சித்தி எதுவும் கேட்காமல் அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அழுது முடித்த அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். மாடி சூப்பர்வைசர் வந்து, "உட்காரத்தான் உனக்குச் சம்பளமா?" என்று கேட்டார்.

அடுத்த வருடம் அந்தக் கிளையையே மூடிவிட்டார்கள். சித்தி வேறு கடை தேடவில்லை. ஒரு காலை, பல் டாக்டரிடம் வரவேற்பு மேசை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மாவை வழிமறித்தாள்.

"அக்கா, நான் காலேஜ்ல சேரப் போறேன்."

"கேன்டீன்லயா?"

"படிக்க."

அம்மா சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். "என்ன படிப்பு?"

"சமூகப்பணி. மூணு வருஷ டிகிரி. அழுறவங்க பக்கத்துல உட்காருறதுக்குன்னே ஒரு படிப்பு இருக்குக்கா."

"அழுறதுக்கு இந்த வீட்லயே ஆள் இருக்கு. வா, என் பக்கத்துல உட்காரு. ஃபீஸும் கிடையாது."

அப்படிச் சொன்ன அம்மாதான் கூடப் போய் விண்ணப்பம் வாங்கினாள். முதல் நாள் சித்தி வகுப்புக்குள் நுழைந்ததும், புது மேடம் என்று நினைத்து மொத்த வகுப்பும் எழுந்து நின்றதாம். "உக்காருங்கப்பா, நானும் உங்க செட்டுதான்" என்றிருக்கிறாள். ஒரு வாரம் ஆன்ட்டி, பிறகு அக்கா, அப்புறம் யாருக்கு வீட்டில் சண்டை என்றாலும் அவளிடம்தான் வந்து நின்றார்கள்.

எங்கள் தெருவுக்கு மட்டும் அந்தப் படிப்பு பிடிபடவே இல்லை. மாடி வீட்டுக்காரர் ஒரு நாள் சித்தியை நிறுத்தி, என்ன பாடமெல்லாம் இருக்கிறது என்று விசாரித்தார். "கேஸ் ஒர்க், குரூப் ஒர்க்" என்று ஆரம்பித்தாள். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா! நம்ம வீட்ல ஒரு பக்கம் அடுப்பு எரியவே மாட்டேங்குது. சாயங்காலம் வந்து பாத்துடேன்."

சித்தி போய்ப் பார்த்தாள். பர்னரில் அடைப்பு. குண்டூசியால் குத்திச் சரிசெய்துவிட்டு வந்தாள். "என் முதல் கேஸ் வெற்றி" என்று சிரித்தாள்.

இரண்டாம் வருடம் களப்பணிக்கு அவளைப் பெண்கள் இல்லம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். மனநோய் வந்து, மருந்தில் தேறி, ஆனால் திரும்பக் கூட்டிப்போக ஆள் வராத பெண்கள் இருக்கும் இடம். அங்கேதான் கதவம்மா இருந்தார். இல்லத்தில் எல்லாரும் கூப்பிடுகிற பெயர் அது. காலையில் பல் விளக்கியதும் வாசல் பெஞ்சுக்கு வந்துவிடுவார். மடியில் ஒரு துணிப்பை. உள்ளே ஒரு சேலை, ஒரு துண்டு, ஒரு சீப்பு. வாசல் விளக்கைப் போட்ட பிறகுதான் எழுந்து உள்ளே போவார். அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்த தம்பி, புறப்படும்போது "வரேன்க்கா" என்று சொல்லியிருந்தார். அது நடந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

டாக்டர், இனி மாத்திரை ஒன்றுதான், இல்லம் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். இல்லத்துக்காரர்கள் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வாடகை வீடு எடுத்திருந்தார்கள். நான்கு பெண்கள் சேர்ந்து சமைத்து, வேலைக்குப் போய்ச் சாதாரணமாக இருக்கலாம். மூன்று பேர் போய்விட்டார்கள். நான்காவது இடம் கதவம்மாவுக்கு. வார்டன் அவரைக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டினார். கதவம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜன்னல் கண்ணாடி உடைஞ்சிருக்கு. நான் வரலை" என்று சொல்லிவிட்டார்.

காரணம் ஜன்னல் அல்ல என்று எல்லாருக்கும் தெரியும். தம்பி வந்தால் இந்தக் கதவுக்குத்தான் வருவார். தான் வேறு வீட்டில் இருந்தால்?

"மாசக் கடைசிக்குள்ள சரின்னு சொல்லலைன்னா அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்தாகணும்" என்று வார்டன் சித்தியிடம் சொன்னார். "அப்புறம் இப்படி ஒரு இடம் எப்ப கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. அவங்க இந்த பெஞ்சுலயே இருந்துடுவாங்க."

சித்தி பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்தாள். பேச்சுக் கொடுக்கவில்லை. துவைத்து வந்த துண்டுகளை ஒரு கூடையில் எடுத்துவந்து மடிக்க ஆரம்பித்தாள். ஜவுளிக்கடைக் கை அல்லவா, ஒவ்வொன்றும் புதுத் துண்டு மாதிரி மடிந்தது. கதவம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூலை சேரலை" என்று ஒன்றைப் பிரித்துத் திரும்ப மடித்தார். அதிலிருந்து இருவரும் சேர்ந்து மடித்தார்கள். துண்டு மடிக்க மடிக்கப் பேச்சும் வந்தது.

அப்போது பரீட்சை வந்துவிட்டது. பரீட்சை முடியும்வரை களப்பணி கிடையாது. அதற்கு முந்தைய கடைசி நாள் சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சித்தி பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஓடுகிற வேகத்தில், நாம் எல்லாரும் எல்லா வாசலிலும் சொல்வதைச் சொன்னாள்.

"வரேம்மா!"

அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

மறுநாளிலிருந்து கதவம்மா இரண்டு பேருக்காகக் காத்திருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "அந்தப் பொண்ணு வந்துடட்டும்" என்றார். நாட்கள் போயின. ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. அவர் பெஞ்சை விட்டு எழவில்லை. கையைப் பிடித்து இழுத்தால் கத்தினார். வார்டன் சித்திக்குப் போன் செய்தார். பரீட்சை என்பதால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். அம்மாதான் எடுத்தாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த என்னை.

"நீ சும்மாதானே தரையைத் தேய்ச்சிக்கிட்டிருக்கே. ஓடிப்போய் என்னன்னு பாரு."

போனேன். அங்கேதான் அந்தக் கேள்வி. "வரேன்னு சொல்லிட்டுப் போனவங்க எப்பம்மா வருவாங்க?" நான் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. மழை விட்டு, உடம்பு நடுங்க ஆரம்பித்த பிறகுதான் உள்ளே வந்தார். நல்ல காய்ச்சல்.

வார்டன் என்மேல் சீறினார். கோபம் என்மேல் இல்லை என்று புரிந்ததால் பேசாமல் நின்றேன். "வருஷா வருஷம் இதே கதைதான்மா. ஸ்டூடண்ட்ஸ் வர்றாங்க, நல்லாப் பழகுறாங்க, 'வரேன்'னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. வெளியில அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. இங்க அதை நம்புறதுக்கு ஆள் இருக்கு."

சாயங்காலம் சித்தி பரீட்சை முடித்து உற்சாகமாக வந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்குப் பேப்பர்ல ஒரு கேள்வி வந்துச்சுடி. சேவை பெறுபவரிடம் விடைபெறுவது எப்படின்னு. முதல் சந்திப்பிலேயே கடைசி நாளைச் சொல்லிடணும், காப்பாத்த முடியாத வாக்கைக் குடுக்கக் கூடாது. ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்." குனிந்து செருப்பைக் கழற்றினாள். "முழு மார்க் வரும்."

எழுந்துபோய் முகம் கழுவினாள். தண்ணீர் சத்தம் வெகுநேரம் கேட்டது.

பரீட்சை முடிந்து அவள் திரும்பப் போனபோது கதவம்மா முகம் கொடுக்கவில்லை. சித்தி மன்னிப்புக் கேட்டாள். துண்டுக் கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். அதற்கும் கை நீளவில்லை. கிளம்பும்போது அவர் முன்னால் நின்று, "இன்னைக்கு வெள்ளி. திரும்ப செவ்வாய்க்கிழமை காலையில வருவேன். நடுவுல வர மாட்டேன்" என்றாள். செவ்வாய்க்கிழமை போனாள். அன்றைக்குக் கிளம்பும்போதும் கிழமை சொன்னாள். சொன்ன கிழமையில் போனாள். சில வாரங்களில் கதவம்மாவின் கை மறுபடி கூடைக்குள் வந்தது. ஆனால் பெஞ்சை விட்டு மட்டும் அவர் நகரவில்லை. மாதக் கடைசி ஒருமுறை வந்து போனது. வார்டன் மேலிடத்தில் பேசி ஒரே ஒரு மாதம் தவணை வாங்கினார். அதற்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நானும் செவ்வாய்க்கிழமைகளில் இல்லத்துக்குப் போக ஆரம்பித்திருந்தேன். குடை பிடித்த பெண் என்று என்னை அங்கே ஞாபகம் வைத்திருந்தார்கள். செய்தித்தாள் படித்துக் காட்டுவேன். விளம்பரத்தையும் விடாமல் படிக்கச் சொல்வார்கள்.

வீட்டில்தான் ஒரே ரகளை. சித்தி தன் நாக்கிலிருந்து வெறும் 'வரேன்'ஐ எடுத்துவிட்டாள். காலையில் வாசலில் நின்று, "அக்கா, போறேன்" என்பாள். அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வருவாள்.

"காலங்காத்தால என்னடி பேச்சு இது! போயிட்டு வரேன்னு சொல்லு!"

"எப்ப வருவேன்னு தெரியலையேக்கா. பஸ்ஸைப் பொறுத்தது."

"உன்னைப் படிக்க வெச்சதுக்கு என்னைச் சொல்லணும்."

அதோடு நிற்கவில்லை. குழாய் ரிப்பேர்காரர் போனில் "வரேன்க்கா" என்றால், "என்னைக்கு?" என்பாள். "வந்துடுறேன்க்கா." "அதான் என்னைக்கு?" பாவம் அந்த மனிதர், வேறு வழியில்லாமல் சொன்ன நாளில் வந்துவிட்டார். அவர் தொழிலிலேயே அது முதல் தடவையாக இருந்திருக்கும்.

இனிச் சொல்லப்போவதில் நான் நேரில் பார்க்காத எதைப் பற்றியும் சித்தி அப்போது வீட்டில் மூச்சுவிடவில்லை. இல்லத்து விஷயம் வெளியே வரக் கூடாது என்பது அவள் படிப்பின் சட்டம். பின்னால் கதவம்மாவே, "அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லேன், குடை பிடிச்சாளே" என்று சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

சித்தி ஒரு நாள் கதவம்மாவிடம், "உங்க தம்பியைப் போய்ப் பாக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்றால் போயிருக்க மாட்டாள். கதவம்மா இரண்டு மூன்று துண்டுகள் மடிக்கும்வரை யோசித்தார். "கண்ணாடி அறுக்குறவன். கையைப் பத்திரமாப் பாத்துக்கச் சொல்லு."

காலேஜ் மேடத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு சித்தி போனாள். கண்ணாடி வெட்டிச் சட்டம் போடும் கடை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே தெரிந்தது என்றாள். தம்பிக்குத் தலை நரைத்திருந்தது. இல்லத்தின் பெயரைச் சொன்னதும் கண்ணாடி அறுக்கிற வைரமுனைக் கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா போயிட்டாளா?"

"இல்லைங்க. நல்லா இருக்காங்க. நீங்க வருவீங்கன்னு உக்காந்திருக்காங்க."

அவர் மேசையிலிருந்த கண்ணாடித் துண்டுகளை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க" என்றார்.

"அவங்க பேச்சுக்குக் கேக்கலையே."

"என்னங்க பண்றது? அப்ப அவளுக்கு ரொம்ப முத்திப்போயிருந்துச்சு. குழந்தை தொட்டில்ல. என் பொண்டாட்டி பயந்துட்டா. ஒரே ஒரு ரூம் வீடு. இப்பவும் அதே வீடுதான். கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா?"

"இல்லைங்க. கூட்டிட்டுப் போக முடியாதுன்னு அவங்ககிட்டச் சொல்லச் சொல்றேன்."

"அதை எப்படிங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்றது?"

"நீங்க சொல்லலைன்னா அவங்க அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க. அவங்களுக்கு ஒரு வீடு இருக்கு. கை நழுவப்போகுது."

அவர் மறுபடி வைரத்தைக் கையில் எடுத்தார். எதையும் அறுக்கவில்லை. "சரிங்க. வரேன்."

"என்னைக்கு?" என்றாள் சித்தி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஞாயித்துக்கிழமை."

சித்தி திரும்பிவந்து கதவம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "ஞாயித்துக்கிழமைன்னு சொல்லியிருக்கார். வருவாரான்னு எனக்குத் தெரியாதும்மா."

ஞாயிற்றுக்கிழமை கதவம்மா தலை வாரி, பையிலிருந்த சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி வரவில்லை. மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லை. சித்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஆறப்போன புண்ணைக் கிளறிட்டேனோ" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். எந்தப் புண் என்று அப்போது எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். நான் செய்தித்தாளை விரித்துவைத்திருந்தேன். சித்தியும் கதவம்மாவும் துண்டு மடித்துக்கொண்டிருந்தார்கள். திறந்திருந்த கதவுக்கு வெளியே ஒருவர், உள்ளே வரவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நின்றார். கதவம்மாதான் முதலில் பார்த்தார். ஆச்சரியப்படவே இல்லை. "உள்ள வாடா. கதவு திறந்துதானே இருக்கு."

சித்தி எழுந்து இடம் விட்டாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கதவம்மா அவர் கையை இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களெங்கும் பழைய வெட்டுத் தழும்புகள். "பத்திரமா இருக்கச் சொன்னேனே" என்றார். குழந்தைகளைப் பற்றிக் கேட்டார். தொட்டிலில் இருந்த குழந்தை வேலைக்குப் போகிறதாம்.

தம்பி தொண்டையைச் செருமினார். "அக்கா... நம்ம வீட்ல... இடம்..."

"தெரியும்டா."

"இல்லக்கா, நான் சொல்லிடுறேன். என்னால உன்னைக் கூட்டிட்டுப் போக முடியாது." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். சித்தி நகரவும் இல்லை, நடுவில் பேசவும் இல்லை.

கதவம்மா மடியிலிருந்த துண்டை அவரிடம் கொடுத்தார். "தொடைச்சுக்க. இப்பதான் மடிச்சது, பரவால்ல."

அவர் எழுந்தார். "அப்ப நான்..." அடுத்த வார்த்தை வரவில்லை. அதைச் சொல்லவும் முடியவில்லை, அது இல்லாமல் கிளம்பவும் முடியவில்லை. அக்கா முன்னால் அப்படியே நின்றார்.

"நீ எதுக்குடா முழிக்கிறே?" என்றார் கதவம்மா. "நான்தான் கிளம்புறேன். பக்கத்துத் தெருவுல ஒரு வீடு. நாலு பேர் இருக்கணும். ஜன்னல்ல கண்ணாடி உடைஞ்சிருக்கு. போட்டுக் குடு."

"போட்டுத் தரேன்க்கா. வரேன்."

"என்னைக்கு?"

சித்தி சட்டென்று திரும்பி நின்றுகொண்டாள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். "வியாழக்கிழமைக்கா."

வியாழக்கிழமை அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமை, கண்ணாடியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கு முந்தைய நாளே கதவம்மா துணிப்பையோடு அந்த வீட்டுக்குக் குடிபோயிருந்தார். இப்போது ஒரு லாண்டரியில் துணி மடிக்கிறார். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. லாண்டரியிலும் கதவம்மாதான்.

சித்திக்குக் களப்பணியில் சுமாரான மதிப்பெண்தான். அறிக்கைகளைத் தாமதமாகக் கொடுத்தாள் என்று குறைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். களப்பணியின் கடைசி நாள் அவள் அந்த வீட்டுக்குப் போனாள். நானும் கூட இருந்தேன். இனி இந்த இல்லத்துக்கு அனுப்ப மாட்டார்கள், அடுத்த வருடம் வேறு இடம் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். வாசலில் நின்று, நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்.

"நான் போறேம்மா."

கதவம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாசல்ல நின்னு யாராவது போறேன்னு சொல்வாங்களா? உங்க வீட்ல சொல்லிக்குடுக்கலையா? போயிட்டு வரேன்னு சொல்லு."

சித்தி தயங்கினாள்.

"சொல்லுடி. நான் ஒண்ணும் காத்துக்கிட்டு உக்கார மாட்டேன். எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

"போயிட்டு வரேம்மா" என்றாள் சித்தி.

சித்தி இப்போது மூன்றாம் வருடம். நான் அடுத்து என்ன படிப்பதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. கதவம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதினேன். "எழுதிக்க. தம்பியைக் கெட்டவனா எழுதிடாதே" என்றார். எழுதவில்லை என்று நம்புகிறேன்.

எங்கோ ஒரு வாசலில் "வரேன்" என்று சொல்லிவிட்டு வந்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரைத் திட்ட வேண்டாம். இந்தக் கதையை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் அவரையும் சொல்லச் சொல்லுங்கள்.